சிங்கிக் கூண்டுச் சிகிச்சை

மூன்றாவது வாரமும் எட்டுப் பேருக்கும் பதற்றம் ஏறித்தான் இருந்தது.

டாக்டர் லீலண்ட் ப்ரூஸ்டர் மதிப்பெண் தாள்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தார். சிகிச்சைக்கு வந்த அன்று இருந்ததைவிட இப்போது எல்லோரும் மோசமாக இருந்தார்கள். வேறொருவராக இருந்தால் சிகிச்சையைச் சந்தேகப்பட்டிருப்பார். டாக்டர் அந்த வகையைச் சேர்ந்தவர் இல்லை.

"உப்பு போதலை," என்றார் தமக்குள்.

சமையலறை ஜன்னலுக்கு அப்பால் டீ கெட்டிலைத் துலக்கிக்கொண்டிருந்த வெர்னா நிமிர்ந்தாள். கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் கேனட் கோவ் ஊர்ப் பொதுக்கூடத்தைத் திறப்பது, பூட்டுவது, வருகிறவர்களுக்கு டீ போடுவது எல்லாம் அவள்தான்.

"பிஸ்கட்லயா டாக்டர்?"

"என் புத்தகத்துல, வெர்னா. கடல் போதலை. இன்னும் கடல் வேணும்."

வெர்னா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கடல்தான் இருந்தது. அவள் மறுபடி கெட்டிலைத் துலக்கப் போய்விட்டாள்.

டாக்டர் செய்கிற சிகிச்சைக்கு சி.பி.டி. என்று பெயர். விஷயம் எளிமையானது. மனசைக் குடைகிற நினைப்பைத் தாளில் எழுத வேண்டும். அது நிஜம்தானா, அதற்கு என்ன ஆதாரம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் நினைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். லட்சக்கணக்கான பேருக்கு அது உதவியிருக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்க முடியாது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர்கள் வாழ்க்கைக்குத் தக்கபடி மாற்றித் தர வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். அதிலும் தப்பில்லை. அப்படிச் செய்கிறவர்கள் அந்த மக்களோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுச் செய்கிறார்கள். டாக்டர் ப்ரூஸ்டர் அதே வேலையை ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடுவார். தம் புத்தகத்தின் விவசாயிகளுக்கான பதிப்பில் 'எண்ணம்' என்று வந்த இடத்திலெல்லாம் 'களை' என்று போட்டார். லாரி டிரைவர்களுக்கான பதிப்பில் 'பஞ்சர்' என்று போட்டார். இரண்டுக்கும் அட்டைப்படம் மட்டும் பிரமாதமாக அமைந்தது.

இப்போது மீனவர்கள். இதில் ஜெயித்தால், ஹாலிஃபாக்ஸில் இருக்கும் அறக்கட்டளை, கிழக்குக் கரை முழுவதற்கும் ஒரு மனநல மையம் கட்டி அவரையே இயக்குநர் ஆக்கும். அறக்கட்டளைத் தலைவி திருமதி திபோ வாயாலேயே சொல்லியிருந்தார். ஆறாவது வாரம் நேரில் வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார். டாக்டர் கதவில் மாட்டப் பெயர்ப்பலகைக்குச் சொல்லி, அது வந்தும் சேர்ந்துவிட்டது. கார் டிக்கியில் துணி சுற்றிக் கிடந்தது.

தொடக்கம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. "மனசு கனக்கிறதா? கடலோர மக்களே, வாருங்கள்!" என்று ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார். மே மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேர் காலிலும் ரப்பர் பூட்ஸ். எட்டுப் பேர் தலையிலும் கம்பளிக் குல்லாய். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் அருமை மீனவர்களே!" என்று கைகளை விரித்தார்.

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. 'மீனவர்கள் அதிகம் பேசமாட்டார்கள்' என்று டாக்டர் குறித்துக்கொண்டார். அது அவர் ஏற்கெனவே புத்தகத்தில் எழுதி வைத்திருந்ததுதான். தாம் எழுதியது சரி என்று உடனே நிரூபணமானதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று கூட்டம் கலைந்ததும் வெர்னா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"டாக்டர், இங்க வர்ற ஆளுங்களைப் பத்தி ஒண்ணு சொல்லணும்..."

டாக்டர் கையை உயர்த்தித் தடுத்தார். "வேணாம் வெர்னா. உள்ளூர்க்காரங்க உள்ளூர்க்காரங்களைப் பத்திச் சொல்றதுல ஒரு சார்பு இருக்கும். உங்க பண்பாட்டை நான் முறையாப் படிச்சிருக்கேன்."

"எங்க படிச்சீங்க?"

"டொராண்டோவில."

"அப்பச் சரி," என்றாள் வெர்னா.

நான்காவது வாரம் புதுப் பதிப்பு வந்தது. இதில் டாக்டர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. எண்ணம் என்பது சிங்கி இறால் ஆயிற்று. மனசு என்பது அதைப் பிடிக்கிற கூண்டு. எண்ணத்தை எழுதுகிற தாள் 'இன்றைய பிடிப்பு'.

"டெஸ்மண்ட், இந்த வாரம் உங்க கூண்டுல என்ன சிங்கி விழுந்துச்சு?"

டெஸ்மண்ட் நரைத்த தாடிக்காரர். வேர்த்துப் போயிருந்தார். இடமும் வலமும் பார்த்துவிட்டு, "பெருசு ஒண்ணு," என்றார்.

"எம்மாம் பெருசு?"

டெஸ்மண்ட் இரண்டு கைகளையும் விரித்தார். ஓர் ஆட்டுக்குட்டியை அணைத்துப் பிடிக்கிற அளவுக்கு இருந்தது. மற்ற ஏழு பேரும் பவ்யமாகத் தலையாட்டினார்கள்.

"பாத்தீங்களா! சின்ன விஷயத்தை மனசு எப்படிப் பெருசாக்குது!" என்று டாக்டர் குதித்தார். "சரி க்ளெண்டா, சட்ட அளவுக்குக் கீழ சின்னச் சிங்கி விழுந்தா என்ன செய்வீங்க?"

தண்ணீரில் திருப்பி விட்டுவிடுவோம் என்று சொல்ல வேண்டும். சின்னக் கவலைகளை அப்படியே விட்டுவிடுங்கள் என்று டாக்டர் பாடத்தை முடிப்பார். ஏற்பாடு அதுதான்.

க்ளெண்டா குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சூப் வைப்போம்," என்றாள்.

சமையலறையில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது.

டாக்டர் ஒரு கணம் திகைத்தார். சட்ட அளவுக்குக் குறைந்த சிங்கியை வீட்டுக்கு எடுத்துப் போனால் அபராதம், படகு உரிமமும் போய்விடும். அதைக்கூட இவள் தன்னிடம் ஒப்புக்கொள்கிறாளே! 'ரகசியங்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். முழு நம்பிக்கை பிறந்துவிட்டது' என்று குறித்துக்கொண்டார்.

அன்றைய மதிப்பெண்களில் பதற்றம் இன்னும் ஏறியிருந்தது.

"பொருள் கண் முன்னால இல்லாததுதான் குறை," என்று முடிவு செய்து, ஐந்தாவது வாரம் வெர்னா வீட்டுப் பழைய மரக்கூண்டை இரவல் வாங்கிக் கூடத்தின் நடுவில் வைத்தார். மனசைக் குடைகிற எண்ணத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி, கூண்டைத் திறந்து உள்ளே போட வேண்டும்.

முதலில் லார்ன் எழுந்தார். குழுவில் அவர்தான் மூத்தவர், நெடுநெடுவென்று உயரம். கூண்டை இந்தப் பக்கம் சுற்றி வந்தார். அந்தப் பக்கம் சுற்றி வந்தார். கடைசியில் வலையில் இருந்த ஓட்டை வழியாகக் கையை நுழைத்தார். கை உள்ளே போயிற்று. திரும்பி வரவில்லை.

"எல்லாரும் கவனிங்க!" டாக்டர் கைதட்டினார். "வாழ்நாள் பூரா கூண்டோட பழகின மனுஷன். அவரையே கூண்டு பிடிச்சுக்கிச்சு. துக்கம்னா இதுதான்!"

"கை வலிக்குது டாக்டர்."

"வலிக்கட்டும் லார்ன். அந்த வலியோட இருங்க."

வெர்னா வந்து மேல் கதவின் கயிற்றை அவிழ்த்து அவர் கையை விடுவித்தாள். லார்ன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காதெல்லாம் சிவந்திருந்தது.

எல்லோரும் போனபின் லார்ன் மட்டும் வாசலில் நின்றார்.

"டாக்டர், இந்தக் கூண்டெல்லாம் இல்லாம, சாதாரணமா நடத்தக்கூடாதா? 'என்ன நினைச்சே, அதுக்கு என்ன ஆதாரம்'னு நேராக் கேட்டா எனக்கு நல்லாப் புரியும்."

டாக்டர் அவர் தோளில் கை போட்டார். "உங்க பண்பாட்டை நினைச்சு வெக்கப்படாதீங்க லார்ன்."

"அது இல்ல டாக்டர். எனக்குத் தூக்கமே போச்சு. யார்கிட்டயும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. மத்த ஏழு பேருக்கும் தெரிஞ்சா, அப்புறம் இந்த ஊர்ல நான் தலை காட்ட முடியாது. கடல் விஷயமா..."

லார்ன் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மனைவி போனபின் தனியாக இருக்கிறவர். செவ்வாய்க்கிழமை இந்தக் கூடத்துக்கு வந்தால்தான் நாலு மனிதர் முகம் பார்ப்பது. அந்த இடத்தில் எந்த டாக்டரும் வாயை மூடிக்கொண்டு கேட்டிருப்பார். ப்ரூஸ்டருக்குத்தான் கேட்க நேரமில்லை. அவர் மூளையில் விளக்கு எரிந்துவிட்டது.

"மேல சொல்லாதீங்க! புரிஞ்சுபோச்சு!"

"புரிஞ்சிடுச்சா?" லார்ன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஒண்ணும் தப்பில்லையே?"

"ஒரு தப்பும் இல்ல. உங்களுக்குக் கடல்னா பயம். மீனவனாப் பொறந்து, கடலைக் கண்டா பயம்! யார்கிட்ட சொல்வீங்க பாவம்!"

லார்ன் முகத்தில் வந்த வெளிச்சம் போய்விட்டது.

"அடுத்த வாரம் தீத்துடுவோம்," என்றார் டாக்டர். "எதுக்குப் பயமோ அதை நேருக்கு நேர் பாக்கணும். உங்களை மட்டும் தனியாக் கூட்டிட்டுப் போனா சந்தேகம் வரும். எட்டுப் பேரும் போவோம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் படகுத்துறைக்கு வந்துடுங்க. ஆளுக்கு ஒரு கூண்டு நீங்களே கடல்லேருந்து தூக்கணும். அறக்கட்டளைத் தலைவியும் வர்றாங்க!"

பயத்தைப் படிப்படியாக, சின்னதில் ஆரம்பித்துப் பழக்க வேண்டும் என்றுதான் சி.பி.டி. சொல்கிறது. டாக்டர் தம் பதிப்பில் இடம் போதாமல் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டிருந்தார். மீனவர்களுக்குப் படிக்கட்டு எதற்கு என்பது அவர் கட்சி.

லார்ன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். டாக்டர் வீட்டுக்குப் போய் மற்ற ஏழு பேருக்கும் போன் செய்து சொன்னார். ஆறு பேர் 'சரி' என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார்கள். க்ளெண்டா மட்டும், "கண்டிப்பா வரணுமா?" என்று கேட்டாள். பரவசத்தில் வார்த்தை வரவில்லை என்று டாக்டர் எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். டாக்டர் புது மஞ்சள் மழைக்கோட்டும் புது ரப்பர் பூட்ஸுமாகப் படகுத்துறையில் நின்றார். பக்கத்தில் திருமதி திபோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். பத்து மணி ஆயிற்று. பத்தே கால் ஆயிற்று. ஒரு கடற்காகம் அவர்களைச் சுற்றி வந்து, சாப்பிடுகிற மாதிரி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது.

"உங்க ஆளுங்க எங்க டாக்டர்?" என்றார் திருமதி திபோ.

"வந்துடுவாங்க. மீனவங்களுக்குக் கடிகாரம்லாம் கிடையாது. அலையைப் பாத்துத்தான் நேரம் சொல்வாங்க."

"படகு எங்க?"

டாக்டர் அப்போதுதான் துறையைத் திரும்பிப் பார்த்தார். ஒரு படகுகூட இல்லை. படகு கட்டுகிற இரும்புக் கட்டைகள் மட்டும் வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. படகுத்துறை என்றால் படகு நிற்கும், ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். அதற்கு மேல் அவர் யோசித்திருக்கவில்லை.

வெர்னா டீ பிளாஸ்க்கோடு துறைப் பலகைமேல் நடந்து வந்தாள்.

"யாரும் வரமாட்டாங்க," என்றாள். "காலைலேருந்து கூடத்துக்கு எட்டு போன். எட்டுப் பேருக்கும் ஒரே நாள்ல முதுகு பிடிச்சுக்கிச்சாம்."

டாக்டருக்குக் கார் டிக்கியில் கிடந்த பெயர்ப்பலகை நினைவுக்கு வந்தது. "அதாவது, திருமதி திபோ, மீனவர்கள் மன வேதனையை உடம்பு வழியாத்தான் வெளிப்படுத்துவாங்க. இதைப் பத்தி என் புத்தகத்துல ஒரு அத்தியாயமே..."

"இருங்க," என்றார் திருமதி திபோ. அவர் வெர்னா பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஊர்ப் படகெல்லாம் எங்க போச்சு?"

"எங்க போகும்? கடல்லதான். சிங்கி சீசன் ஆச்சே. ரெண்டே மாசம். எங்க வீட்டுக்காரர்லாம் விடிய முந்தியே போயிடுவாரு, மத்தியானம் தாண்டித்தான் வருவாரு. காய்ச்சல்னாகூட ஒருத்தன் கரையில நிக்கமாட்டான்."

"அப்படின்னா, செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை காலைல பத்து மணிக்கு இவரோட கூட்டத்துக்கு வந்தது யாரு?"

டாக்டர் வெர்னாவைப் பார்த்தார். முதல் தடவையாக அவள் சொல்லப்போவதைக் கேட்கத் தயாராக இருந்தார்.

வெர்னா நிதானமாக ஒரு கோப்பையில் டீ ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"டொராண்டோவில வேலை ஓய்வாகி, கடலைப் பாத்த மாதிரி வீடு வாங்கிக்கிட்டு வந்த ஆளுங்க, ஊர்க்காரங்க நம்மளைச் சேத்துக்கமாட்டேங்கறாங்களேன்னு ஒடிஞ்சுபோய் உங்ககிட்ட வந்தாங்க, நீங்க என்னடான்னா தம்பி, மத்த ஏழு பேரும் மீனவங்க, நாம மட்டும்தான் டுபாக்கூர்னு எட்டுப் பேரையும் தனித்தனியா நம்ப வச்சுட்டீங்க!"