முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

சேசு மரி சூசை துணை

லாஸ்பேட்டை,
புதன்கிழமை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ஆரோன் அவர்களுக்கு, தனிஸ்லாஸ் எழுதிக்கொள்ளும் கடிதம். இங்கே நானும் உங்கள் தங்கை அகஸ்டினாவும் மகள் பெனிஷாவும் ஆண்டவர் அருளால் சுகம். கடலூரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அகஸ்டினா கேட்கச் சொன்னாள். நானாகவும் கேட்டிருப்பேன். போனில் பேசலாமென்றால் நீங்கள் "சரி மாப்ள, சரி மாப்ள" என்று பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

விஷயம் பெனிஷாவின் வேலை. கோரிமேட்டைத் தாண்டி இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது, தாளாளர் உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவர், ஒரு வார்த்தை சொல்லிவிடட்டுமா என்று கேட்டீர்கள். நான் கூடவே கூடாது என்றேன். என் நாவலின் கதாநாயகன் சுகுணசீலன், மாமன் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டுக் கொட்டும் மழையில் இறங்கி நடக்கிறான்; அவனை முப்பத்து நான்கு வருஷமாகப் படித்தவன் பெற்ற மகளுக்குச் சிபாரிசு வாங்குவதா என்றேன். அன்றிலிருந்து பெனிஷா என்னோடு பேசவில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள். எதிரே உட்கார்ந்துகொண்டே "அம்மா, அப்பாவுக்குக் காபி வேணுமான்னு கேளு" என்கிறாள். நானும் "வேணும்னு சொல்லு" என்கிறேன். அகஸ்டினா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காபியைத் தானே குடித்துவிடுகிறாள். பெண்ணின் கோபம் சிபாரிசு போனதற்கா, தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நான் முடிவு சொன்னதற்கா என்று அவள் ஒருமுறை கேட்டாள். அதை நான் ஆராயவில்லை.

அந்த நாவல் உங்களுக்கு நினைவிருக்கும். நிச்சயம் முடிந்த வாரம் அகஸ்டினா எனக்கென்று கொடுத்தனுப்ப, கடலூர் பஸ்ஸில் நீங்கள்தான் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அட்டை நைந்திருந்ததால் நான் அன்றே கொண்டுபோய்க் கெட்டியாக பைண்டு செய்துகொண்டேன். வருஷா வருஷம் தவக்காலத்தில் ஊரார் கறி மீனை விடுவார்கள். நான் அதோடு இந்த நாவலையும் ஒருமுறை படிப்பேன். படித்ததோடு விட்டேனா? உங்கள் அப்பா யாரையோ பிடித்து எனக்கு வாங்கித் தந்த பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு, சேர்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். அகஸ்டினாவுக்குக் கால் வீங்கியபோது பெரிய ஆஸ்பத்திரியில் தெரிந்த ஆள் இராமதாஸ் "உள்ள வாங்கண்ணே" என்று கூப்பிட்டும், வரிசையை விட்டு நகர மாட்டேன் என்று நின்றேன். அவளும் நின்றாள், வீங்கிய காலோடு. "ஒங்க சுகுணசீலனுக்குப் பொண்டாட்டி இல்ல, அதான் மழையில போறான்" என்றாள். அதை நான் இலக்கிய விமர்சனமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கையில், போன ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வாசகர் வட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். தணிகாசலத்தின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் கூட்டம். என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். நாற்பது நிமிஷம் பேசினேன். சுகுணசீலன் மழையில் இறங்கி நடக்கும் இடத்தில் என் குரலே கொஞ்சம் தழுதழுத்தது. "அவன் திரும்பிப் பார்க்கவில்லை! 'முற்றும்' என்றுகூடப் போடாமல் நாவலை அங்கேயே நிறுத்திய துணிச்சல் யாருக்கு வரும்?" என்று முடித்தேன். கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து சிவசங்கரி என்ற கல்லூரிப் பெண் எழுந்து, மிகவும் மரியாதையாக, "சார், அவன் அடுத்த பக்கத்துலயே திரும்பி வந்துடுறானே சார்?" என்றாள். எதற்கம்மா என்றேன். "குடை எடுக்க சார்." யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. தணிகாசலம் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவளிடமிருந்த பிரதியை வாங்கிவந்து படித்தேன். என் புத்தகம் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு நிற்கிறது. மேற்கொண்டு இருபத்து நான்கு பக்கம் இருக்கிறது மச்சான்! குடை எடுக்க வந்தவனை மாமன் தலை துவட்டச் சொல்லிச் சுக்குக் கஷாயம் கொடுக்கிறார். அவன் வேலையில் சேருகிறான், கல்யாணம் செய்துகொள்கிறான், நாலு ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறான். சேர்ந்த பிறகாவது கெட்டுப்போயிருந்தால் எனக்கு ஓர் ஆறுதல். கடைசிவரை நல்லவனாகவே இருக்கிறான். அதுதான் எனக்கு ஆத்திரம். மேலும் கீழுமாக யோசித்தேன். ஒருவன் மழையில் போனான் என்று நம்பி நான் முப்பத்து நான்கு வருஷம் நனைந்திருக்கிறேன். அவன் தலை துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெனிஷாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அந்த இருபத்து நான்கு பக்கம் எங்கே போயிருக்கும் என்று எனக்குச் சந்தேகம் இல்லை. பஸ்ஸில் உங்கள் கையில் இருந்தது புத்தகமும் அவித்த மல்லாட்டையும். கடலைத் தோலைப் போட உங்களுக்குக் காகிதம் வேண்டியிருந்திருக்கும். என் சரித்திரத்தில் மல்லாட்டைத் தோலைப் பொட்டலம் கட்டியிருக்கிறீர்கள். பழசைக் கிளறி என்ன பயன், மன்னித்துவிட்டேன். ஆனால் ஒன்று: செய்ததற்குப் பிராயச்சித்தமாக நீங்களே தாளாளரிடம் பேசிவிடுங்கள். திங்கட்கிழமை நேர்காணல், அதற்குள் பேசுங்கள். என் ஆட்சேபத்தை இதன்மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் தோத்திரம். சிறியவர்களுக்கு என் ஆசீர்வாதம், முழங்காலுக்கு அகஸ்டினாவின் செபம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வீட்டுக்காரர்,
தனிஸ்லாஸ்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அகஸ்டினாவிடம் படித்துக் காட்டினேன். மல்லாட்டை வந்த இடத்தில் கீரை ஆய்வதை நிறுத்தினாள். "எங்கண்ணன ஏன் இழுக்குறீங்க? கிழிச்சது நான்தான்" என்றாள். எதற்கு என்றேன். "குடை எடுக்க வந்தான் பாருங்க, அப்பவே எனக்கு வெறுத்துப்போச்சு. மழையில போனவன் போனவனாவே இருக்கட்டும்னு பிளேடு வச்சு அறுத்துட்டுத்தான் ஒங்களுக்குக் குடுத்தனுப்புனேன். கட்டிக்கப் போறவரு அப்படி இருக்கணும்னு ஆசப்பட்டேன். இருந்துட்டீங்க." அப்புறம் ஏன் இத்தனை வருஷமாகத் திட்டினாய் என்றேன். "ஆசப்பட்டதும் நான்தான், வீங்குன காலோட கூட நின்னதும் நான்தான். திட்ட மாட்டனா?" என்று கீரையை எடுத்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. வாசற்படியில் நின்ற பெனிஷா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பன்னிரண்டு நாளில் முதல்முறையாக நேரே என்னைப் பார்த்து, "அப்பா, வேணாம்னதும் நீங்க, வேணும்னதும் நீங்க. என்னை ஒருத்தரும் கேக்கல. மாமாவ யாருகிட்டயும் பேச வேணாம்னு எழுதுங்க. திங்கக்கெழம நானே போய்ப் பாத்துக்கறேன். மழை வந்தா, போறப்பவே குடை எடுத்துட்டுப் போறேன்" என்றாள். ஆகவே மச்சான், மேலே எழுதியதில் உங்கள் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் ரத்து.