அடுத்த மாடலுக்கு ஒரு காலி அறை

ஒரு பொருளைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அதை வாங்கியவரிடம் போகாதீர்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் அது ஓடும் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. வாங்காமல் இருப்பவரிடம் போங்கள். அதன் எடை எத்தனை கிராம், அடுத்த வருடம் வரப்போவதில் எத்தனை கிராம் குறையும், அதற்கடுத்த வருடம் வரப்போவதைப் பார்த்தால் இதை வாங்கியவர்கள் எப்படித் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று நின்ற இடத்திலேயே ஒப்பிப்பார். உட்காரச் சொல்லிவிடாதீர்கள். பொழுது போய்விடும்.

இந்த இனத்தாருக்கு நான் வைத்திருக்கும் பெயர் வரட்டும்காரர். டிவி வாங்கலாமே என்றால், "புது மாடல் வரட்டும்" என்பார். ஸ்கூட்டர் வாங்கலாமே என்றால், "பேட்டரி வண்டி வரட்டும்" என்பார். பேட்டரி வண்டி வந்து தெருவெல்லாம் ஓடி, அதில் ஒன்று இவர் காலிலேயே ஏறி இறங்கிய பிறகும், "நல்ல பேட்டரி வரட்டும்" என்று காலைத் தேய்த்துக்கொள்வார். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் நிச்சயம் உண்டு. யாரும் இல்லை என்கிறீர்களா? அப்படியானால் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. அதைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் சொன்னவன். காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கி ஆரம்பித்து, இன்று சொந்தமாக ஐஸ் கம்பெனியும் மூன்று லாரியும் வைத்திருப்பவன். எல்லாம் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுத்துச் சம்பாதித்தது. முதல் லாரியைப் பார்த்த அன்றே வாங்கினேன். பெண்ணைப் பார்த்த அன்றே சம்மதம் சொன்னேன். இரண்டில் லாரிதான் நடுவழியில் நின்றது. ஐஸ் வியாபாரத்தில் ஒரு மணி நேரம் யோசித்தால் தண்ணீர் வியாபாரி ஆகிவிடலாம். ஆகவே யோசிக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கை நமநமவென்னும்.

நான் கண்ட வரட்டும்காரர்களில் தலைசிறந்தவர், கோட்டுச்சேரியில் எனக்கு எதிர்வீட்டுக்காரர் தெட்சிணாமூர்த்தி. அரசாங்க உத்தியோகம். தங்கமான மனிதர். இதுவரை யாரிடமும் கோபப்பட்டது கிடையாது. கோபப்படலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று அவர் முடிவு செய்வதற்குள் எதிராளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்.

அவர் வாங்கக் காத்திருப்பது வி.ஆர். ஹெட்செட். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது டிபன் பாக்ஸ் கனத்தில் ஒரு பெட்டி. கண்ணை மறைத்து முகத்தில் மாட்டிக்கொண்டால், உள்ளே வேறோர் உலகம் தெரியும். தலையைத் திருப்பினால் அந்த உலகமும் சுற்றித் தெரியும். கடலுக்கடியில் நடக்கலாம், மலையுச்சியில் நிற்கலாம், கையில் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு பறந்துவரும் பூசணிக்காய்களை வெட்டலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மட்டும், ஒரு மனிதர் கொசு அடிப்பதுபோல் இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் மாங்கனித் திருவிழாப் பொருட்காட்சியில் ஒரு கடைக்காரர் இதை வைத்திருந்தார். ஒரு தடவை மாட்டிப் பார்க்க நூறு ரூபாய். தெட்சிணாமூர்த்தி ஒரு மணி நேரம் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தது. பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். திருப்பிப் பார்த்தார். "இது போன வருஷத்து மாடலாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு மாம்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அவ்வளவுதான் அவருக்கும் அந்தப் பெட்டிக்கும் உள்ள நேரடிப் பழக்கம்.

ஆனால் ஏற்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. பெட்டியை மாட்டிக்கொண்டு கைவீச இடம் வேண்டுமாம். அவர் வீட்டில் இருப்பது மூன்று அறை. அதில் நல்ல வெளிச்சமான அறையைக் காலி செய்தார். அந்த அறையில் அவர் மனைவி வினோதா இரண்டு தையல் மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின்கள் நடைக்கு வந்தன. துணிக்கட்டுகள் சமையலறைப் பரணுக்குப் போயின. அவள் துணியில் கோடு போடும் சாக்கையே எடுத்து, அறையின் தரையில் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் என்று ஒரு கட்டம் போட்டார். கை இடித்துவிடும் என்று சீலிங் ஃபேனைக் கழற்றினார். வெள்ளிக்கிழமை தோறும் வினோதா தரையைத் துடைத்து விடுவாள். சனிக்கிழமை தோறும் அவர் கோட்டைத் திரும்பப் போடுவார். மூன்று வருடமாக.

பயிற்சியும் உண்டு. பெட்டி வந்தபின் தடுமாறக்கூடாதல்லவா? சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, கட்டத்துக்குள் நின்று அரைமணி நேரம் கைவீசுவார். எனக்கு இடது கண் கொஞ்சம் மங்கல்தான். இருந்தும் என் வீட்டு ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிந்தது. ஒருநாள் சுவரிலிருந்த காலண்டரை ஆனி மாதத்திலிருந்து புரட்டாசி வரைக்கும் ஒரே வீச்சில் கிழித்தார். முன்னேற்றம்தான்.

வாங்குவதற்கு என்ன தடை என்கிறீர்களா? கேட்டீர்களே.

முதல் வருடம் விலை. இது எங்கள் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள வியாதி. எல்லையிலிருக்கும் பூவத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, இந்தப் பக்கம் புதுச்சேரி அரசாங்கம். பெட்ரோலும் இன்னும் சில திரவங்களும் இந்தப் பக்கம் மலிவு. அந்தப் பக்கத்து ஆட்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது இந்தப் பக்கம் வந்து பெட்ரோல் போடுவார்கள். இதைப் பார்த்தே வளர்ந்த தெட்சிணாமூர்த்திக்கு, உலகத்தில் உள்ள எந்தப் பொருளுக்கும் காரைக்கால் விலை என்று ஒன்று தனியாக உண்டு என்று நம்பிக்கை. கடையில் போய்க் கேட்டார்.

"இது தமிழ்நாட்டு ரேட்டா, நம்ம ரேட்டா?"

"இது ஆன்லைன் ரேட்டு சார். எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்."

"அப்ப நம்ம ரேட்டு வரட்டும்."

பன்னிரண்டு மாதம் காத்திருந்தார். வரவில்லை. வந்தது சனிப்பெயர்ச்சி. திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, சனி பெயரும் முன் இவ்வளவு பெரிய பொருளை வாங்கலாமா? பெயரட்டும் என்றார். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி பெயர்ந்தது. ஆனால் கோயிலில் வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி பெயர இன்னும் ஒரு வருடம் என்றார்கள். எந்தப் பஞ்சாங்கத்தை நம்புவது? மற்றவர்கள் ஒன்றை நம்பினார்கள். இவர் இரண்டையும் நம்பினார். இரண்டாவது தடவையும் பெயர்ந்து முடிந்த அன்று நான் வாசலில் நின்று கேட்டேன்.

"என்னப்பா, சனிதான் போயாச்சே?"

"போயாச்சு பெரியப்பா. ஆனா புதுசு ஒண்ணு வருதாம். கண்ணாடி கணக்கா லேசா இருக்குமாம். வரட்டும்."

இதற்கு நடுவில் மாதம் தவறாமல் துபாய்க்கு ஒரு போன். அங்கே வேலை பார்க்கும் காஜா நஜ்முதீன் இவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதனின் தம்பி. அங்கே என்ன விலை, எடை குறைந்துவிட்டதா, கண் வலிக்குமா என்று அவரைக் குடைந்தெடுப்பார். காஜா எதைச் சொன்னாலும் கடைசியில் இவர் சொல்வது ஒன்றுதான். நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்படியே போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். இந்த வருடம் சித்திரையில் வினோதாவுக்கு ஒரு தனியார் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. நூற்றிருபது செட் சீருடை. பள்ளி திறப்பதற்குள் கொடுக்கவேண்டும். ரவிக்கை தைத்துப் பத்து வருடத்தில் அவள் பார்க்காத பெரிய வேலை. ஒரே ஒரு நிபந்தனை: வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்து இடத்தைப் பார்ப்பார். தனி அறை இருக்கவேண்டும். துணியில் குழம்பு வாசம் வந்தால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அன்று சாயங்காலம் பஞ்சாயத்து என் வீட்டுக்கு வந்தது.

"மாமா, நீங்களே கேளுங்க" என்றாள் வினோதா. "நடையில மெஷினு. பரண்ல துணி. போன வாரம் அம்பகரத்தூர் அக்கா ஒருத்தவங்க ரவிக்கையை மோந்து பாத்துட்டு, இன்னைக்கி என்னா, கருவாட்டுக் கொழம்பாங்கறாங்க."

"நான் என்ன வேணாம்னா சொல்றேன்?" என்றார் தெட்சிணாமூர்த்தி. "ரூமக் குடுத்துட்டு, நாளைக்கே பாக்ஸ் வந்துருச்சுன்னா? எங்க நின்னு மாட்டிக்கிறது?"

"எந்த நாளைக்கிங்க? தேதியச் சொல்லுங்க, நான் நடையிலயே இருந்துட்டுப் போறேன்."

"தேதி சொல்ற மாதிரி வரட்டும்னுதானே நானும் இருக்கேன்."

எனக்குக் கை நமநமவென்றது. தீர்ப்பைச் சொன்னேன்: வியாழக்கிழமை ராத்திரிக்குள் பெட்டி வீட்டுக்குள் வந்துவிட்டால் அறை பெட்டிக்கு. வராவிட்டால் மெஷினுக்கு. இருவரும் ஒப்புக்கொண்டார்கள். வினோதா சிரித்துக்கொண்டே போனாள். மூன்று வருடத்தில் வராதது மூன்று நாளில் வருமா? நானும் என் தீர்ப்பை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. காஜா நஜ்முதீன் இறங்கினார். லீவில் வந்திருக்கிறார். கையில் அத்தர் வாசனை வீசும் ஒரு பை. நான் சட்டை மாட்டிக்கொண்டு போவதற்குள், பையிலிருந்து வி.ஆர். ஹெட்செட் மேஜைக்கு வந்துவிட்டது.

"உங்க போனு தாங்கலண்ணே" என்றார் காஜா. "ரெண்டு வருஷம் முந்தி எனக்குன்னு வாங்கினது. டூட்டி பாக்கவே நேரம் பத்தல, இதை எங்க பாக்கறது. சும்மா கெடக்கு. வெச்சுக்குங்க. காசு கீசுன்னு பேசாதீங்க."

வினோதாவின் முகம் விழுந்துவிட்டது. விழாதா? நாளைக்கு மேனேஜர் வருகிறார். பெட்டி வந்துவிட்டது. என் தீர்ப்புப்படி அறை போச்சு, நூற்றிருபது செட் போச்சு. எனக்கே என் வாயின்மேல் கோபம் வந்தது. தெட்சிணாமூர்த்தி செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். "சரி தம்பி" என்று இரண்டு வார்த்தை.

அவர் பெட்டியை எடுத்தார். ஊதிப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து எடை போட்டார். பட்டையை இழுத்துப் பார்த்தார். திருப்பி அடியில் இருந்த எழுத்தைப் படித்தார்.

"இதுக்கப்புறம் ரெண்டு மாடல் வந்துருச்சு தம்பி" என்றார்.

"வந்தா என்னாண்ணே? சும்மா மாட்டிப் பாருங்க."

"பழசைப் போட்டுக் கண்ணு பழகிருச்சுன்னா, அப்பறம் புதுசுல ஒட்டாது."

"அண்ணே, ஓசிண்ணே இது."

"ஓசிதான். அதுக்காக?"

"அப்ப வேணாங்கறீங்களா?"

வேண்டாம் என்று ஒரு வரட்டும்காரர் சொல்வாரா? எதையும் வேண்டாம் என்று சொல்வது அவர் குலவழக்கமில்லை. பெட்டியை மேஜையில் வைத்து, பட்டையை ஒழுங்காக மடித்து, மெதுவாகக் காஜாவின் பக்கம் நகர்த்தினார்.

"வரட்டும் தம்பி" என்றார்.

வினோதா எழுந்து போனாள். அரை நிமிடத்தில் நடையிலிருந்து மெஷின் இழுபடும் சத்தம் கேட்டது. காஜா ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தார். நான் துணிக்கட்டைத் தூக்கினேன். ஐஸ் பெட்டி தூக்கிய கை, வலிக்கவே இல்லை. தெட்சிணாமூர்த்தி மட்டும் கட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, "மெதுவா, கோடு அழிஞ்சிரப் போவுது" என்றார். கோட்டின்மேலேயே மெஷின் உட்கார்ந்தது.

மறுநாள் மேனேஜர் வந்தார். துணியை முகர்ந்து பார்த்தார். காஜா விட்டுப்போன அத்தர் வாசம். வேலை கிடைத்துவிட்டது.

பெட்டி? அதைக் காஜா திரும்ப எடுத்துப் போகவில்லை. "நீங்க வெச்சுக்குங்க அண்ணி" என்று வினோதாவிடம் கொடுத்துவிட்டார். அவள் அதைத் தையல் அறை வாசலில் ஓர் ஆணியில் மாட்டி, எதிரே நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். ரவிக்கை வாங்க வந்து, 'இன்னும் ஊக்கு வைக்கவில்லையா' என்று சண்டை பிடிக்கும் பெண்களுக்கு இப்போது பெட்டியை மாட்டிவிடுகிறாள். அவர்கள் கடலுக்கடியில் மீன் பார்த்துக்கொண்டு, ஊக்கு வைத்து முடியும்வரை வாய் திறப்பதில்லை. வெண்மதி டீச்சர் ஒருநாள் ரவிக்கையை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் மீன் பார்க்க மட்டும் வந்தார்.

தெட்சிணாமூர்த்தியும் சாயங்காலத்தில் அந்த நாற்காலி ஒன்றில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெட்டியைத் தொடுவதில்லை. மாட்டியிருக்கிறவர்களுக்கு அதன் குறைகளை எடுத்துச் சொல்கிறார். "கனமா இருக்கே, தெரியுதா? புதுசுல இது இருக்காது." கண்கட்டுப் பயிற்சியை மட்டும் கொல்லைக்கு மாற்றிக்கொண்டார். மாடு கட்டியிருக்கும் இடம். மாட்டுக்கும் பழகிவிட்டது.

போன வாரம் வினோதா எனக்கும் ஒரு தடவை மாட்டிவிட்டாள். உள்ளே கடல் ஒரே மூட்டமாக இருந்தது.

"காலாவதியான பெட்டிம்மா இது. ஒண்ணும் தெளிவா இல்ல" என்றேன்.

"மத்தவங்களுக்கெல்லாம் தெளிவாத்தான் தெரியுது மாமா" என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "ரெண்டு வருஷமா கண்ணுல பொரை எடுக்கணும் எடுக்கணும்னு டாக்டரு சொல்றாருல்ல. எப்ப எடுக்கப் போறீங்க?"

"அதுக்குப் புது லென்ஸ் ஒண்ணு வருதாம்மா" என்றேன்.

ஊசி நின்றது. தெட்சிணாமூர்த்தி நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். அது வேறு விஷயம், இது வேறு விஷயம் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் ஒருவருக்குத்தான் நான் சொன்னது சரியாகப் புரிந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் எதற்காகவோ காலி செய்து வைத்த ஓர் இடம் இருக்கும். ஓர் அறையோ, ஓர் அலமாரித் தட்டோ, ஒரு சுவரோ. எழுந்துபோய், அங்கே ஏதாவது சாக்குக்கோடு தெரிகிறதா என்று இப்போதே பாருங்கள்.

என்ன, எழுந்திருக்கவில்லையா? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறதா? அப்படியானால் கோட்டுச்சேரிக்கு வாருங்கள். நாலு நாற்காலியில் இரண்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.