செல்லாத ஓட்டுக் குவியல்

மறுபடியும் எண்ணச் சொன்னதுதான் தப்பாகப் போய்விட்டது. முதல் தடவை எண்ணியபோது வெங்கடாசலம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றிருந்தான். இரண்டாம் தடவை நாலு ஓட்டில் தோற்றான்.

"இந்த மூணுலயும் மை பக்கத்துக் கட்டத்தைத் தொடுது பாருங்க" என்று அதிகாரி சீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பிறகு அவற்றைச் செல்லாத குவியலில் போட்டார்.

கடத்தூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊராட்சி. வார்டு மெம்பர் பதவிக்கு நின்றது இரண்டே பேர். பஞ்சர் கடை வெங்கடாசலத்துக்குப் பூட்டுச் சின்னம். ஊரிலுள்ள எல்லார் வீட்டுப் பாலையும் அளந்து வாங்குகிற சொசைட்டிக்கார ஜெயபாலுக்குச் சீப்பு. மேசைமேல் பூட்டுக்கு ஒரு சின்னக் கட்டு, சீப்புக்கு ஒரு சின்னக் கட்டு. செல்லாத ஓட்டுகள் மட்டும் சோளத்தட்டுப் போர் மாதிரி உயர்ந்து கிடந்தன. எடுத்துப் பார்த்தால் அந்த மூன்றைத் தவிர எல்லாவற்றிலும் பூட்டின்மேல் ஒரு முத்திரை, சீப்பின்மேல் ஒரு முத்திரை.

"என் பூட்டுல குத்தினவன் சீப்புலயும் எதுக்குங்க குத்தப் போறான், பைத்தியமா அவனுக்கு?" என்று கேட்டான் வெங்கடாசலம். "பொட்டி வெச்சிருந்த ரூமுக்குள்ள எவனோ பூந்து ரெண்டாவது முத்திரை குத்தியிருக்கான்."

பெட்டிக்கு வைத்த சீல் உடையாமல் இருந்ததை அதிகாரி காட்டினார். சீலைப் பிரித்துத் திரும்ப ஒட்டத் தெரிந்தவன்தான் செய்திருக்கிறான் என்று வெங்கடாசலம் முடிவு கட்டிவிட்டான்.

அவன் அத்தனை உறுதியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஓட்டுக்கு முன்னாடி, தட்டில் குலசாமி திருநீறு வைத்து, நடுவில் கற்பூரம் ஏற்றி, வீடு வீடாகப் போயிருந்தான். ஒவ்வொருவரும் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, பூட்டுக்குத்தான் குத்துவேன் என்று சத்தியம் பண்ணியிருந்தார்கள். அந்த ஊரில் போலீசுக்குப் பொய் சொல்வார்கள், பேங்க் மேனேஜருக்குச் சொல்வார்கள், கட்டின பெண்டாட்டிக்கும் சொல்வார்கள். கற்பூரத்துக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அவனுக்குப் பதவி ஆசை இல்லை. ஒகேனக்கல் தண்ணீர்க் குழாய் பக்கத்துத் தெருவோடு நின்றுவிட்டது. அவன் தெருவில் போர்வெல் தண்ணீர்தான். அதைக் குடித்துக் குடித்துப் பிள்ளைகளின் பல்லெல்லாம் காவி ஏறிக் கிடந்தது. அவன் மகள் சந்தியா எட்டாவது படிக்கிறாள். சிரிப்பு வந்தால் துப்பட்டாவை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். மெம்பரானால் குழாயைத் தன் தெருவுக்குள் திருப்பிவிடலாம் என்பது ஒன்றே அவன் நினைப்பு.

ஜெயபால் ஜெயித்ததாக அறிவித்தார்கள். அவரோ போட்ட மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குவியலையே வெறித்துப் பார்த்தபடி நின்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"திருட்டு முழியைப் பாருங்க" என்றாள் வெங்கடாசலத்தின் மனைவி கலைமதி.

அன்றைக்கே அவன் தெருவில் இறங்கி, எனக்கு ஓட்டுப் போட்டீர்களா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டான். ஒருவர்கூட முகத்தைத் திருப்பவில்லை. பஞ்சர் கடையை ஒட்டி இட்லிக்கடை போட்டிருந்த ராமக்கா, ஊற்றிக்கொண்டிருந்த மாவை அப்படியே நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"பூட்டு மேலதாங்கண்ணா குத்தினேன். சந்தேகமா இருந்தா இன்னொரு தபா கற்பூரம் ஏத்துங்க, அடிக்கிறேன்."

ஏற்றினான். அடித்தாள். தெரு முழுக்க அடித்தது. அணைந்த கற்பூர வாசனையோடு வீட்டுக்கு வந்தவன், தருமபுரிக்குப் போய்க் கேஸ் போடப் போகிறேன் என்றான்.

இதற்கிடையில் ஜெயபால் ஒரு காரியம் செய்திருந்தார். பதவி ஏற்றதும் முதல் வேலையாக உங்கள் தெருவுக்குத்தான் குழாய் என்று சொல்லி, யார் யாரையோ பிடித்து, தெருமுனையில் நீலக் குழாய்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். பிள்ளைகள் அவற்றில் வாய் வைத்துக் கூவி விளையாடின. அதற்குள் வெங்கடாசலம் போட்ட கேஸில் கோர்ட்டில் இருந்து தடை உத்தரவு வந்தது. ஜெயபால் பதவி ஏற்க முடியவில்லை. மெம்பர் இல்லாத வார்டில் குழி தோண்ட முடியாது என்று சொல்லி, வந்த லாரியிலேயே குழாய்களைத் திரும்ப ஏற்றினார்கள்.

கலைமதி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரி போவதைப் பார்த்தாள். "ஊர்ல எல்லாரும் குழாயைக் கொண்டாறத்தான் கோர்ட்டுக்குப் போவாங்க. நீங்க திருப்பி அனுப்பப் போயிருக்கீங்க."

பொறுமையாய் இரு, நியாயம் நம்ம பக்கம் இருக்கிறது என்றான் அவன். அதையே தெருக்காரர்களிடமும் சொன்னான். அவர்களும் தலையாட்டினார்கள். பாவம், அவனைப் பார்த்தால் அவர்களுக்கு இரக்கமாக இருந்தது.

வக்கீல் கவிப்பிரியா சின்ன வயசுப் பெண். யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று எந்தச் சாட்சியும் கோர்ட்டில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று அவள் விளக்கினாள். அவர்களே விரும்பிச் சொல்லுவார்கள் என்றான் வெங்கடாசலம். சொன்னபடியே மினி லாரி பிடித்துத் தெருவையே ஏற்றிக்கொண்டு போனான். தக்காளி பழுக்கிற நேரம் அது. வாய்தா போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி ஏற்றிக்கொண்டு போனான். மறுபடி வாய்தா. செடியிலேயே பழுத்து வெடித்த தக்காளியை மாட்டுக்குப் போட்டார்கள். மாடு இரண்டு நாள் தின்றுவிட்டு மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கடைசியில் ஒருநாள் விசாரித்தார்கள். ஒருவர் விடாமல் எல்லாரும் கூண்டில் ஏறி, பூட்டு மேல் குத்தினோம் என்று மார்தட்டிச் சொன்னார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எப்படியெல்லாமோ மிரட்டிப் பார்த்தார். ஒருவர் குரலும் நடுங்கவில்லை.

"என் சர்வீஸ்ல இவ்வளவு உண்மையான சாட்சிங்களைப் பாத்ததே இல்லீங்க" என்றாள் கவிப்பிரியா. அவளுக்குச் சர்வீஸ் கொஞ்சம்தான். ஆனாலும் அவன் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் மழை வந்தது, போனது. வெயில் வந்தது. தீர்ப்பு வரவில்லை. தண்ணீருக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போன பெண்களை, கேஸ் போட்ட தெருக்காரிகள் வந்துவிட்டார்கள் என்று அங்கே ஏளனம் பேசினார்கள். வரிசையில் கடைசியில் நிற்க வைத்தார்கள். பஞ்சர் ஆன வண்டியைக்கூட ஜெயபாலின் ஆட்கள் கடத்தூர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். வெங்கடாசலம் கடையில் ஈ ஓட்டியபடி, இன்னும் கொஞ்சம் பொறுமை, இன்னும் கொஞ்சம் பொறுமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஒரு சாயங்காலம் கலைமதி கடைக்கு வந்து பழைய டயர்மேல் உட்கார்ந்தாள்.

"இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல குரூப் போட்டோ எடுத்தாங்களாம். சந்தியா நிக்கலையாம்."

"ஏன்?"

"எல்லாரும் சிரிங்கன்னு போட்டோக்காரர் சொல்லியிருக்காரு. பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு, போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும் உள்ளயே நின்னிருக்கா."

அவன் கையிலிருந்த ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினான். குமிழி வந்துகொண்டே இருந்தது. ஓட்டை எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. கேஸை வாபஸ் வாங்கிவிடுகிறேன், ஜெயபாலே மெம்பராக இருந்து குழாயைப் போடட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

மறுநாள் விடிந்ததும் தருமபுரிக்கு பஸ் ஏறினான். கவிப்பிரியா அவனைக் கோர்ட் வாசலிலேயே மறித்து, தீர்ப்பு இன்றைக்கு என்றாள். இத்தனை சீட்டில் இரட்டை முத்திரை இருக்கும்போது இதைத் தேர்தல் என்றே ஏற்க முடியாது, மறுபடி நடத்துங்கள் என்று தீர்ப்பு வந்தது. வெங்கடாசலம் கோர்ட் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். வக்கீல் பெண்ணைத் தவிர அங்கே வேறு யாரையும் அவனுக்குத் தெரியாது.

தேதி அறிவித்தார்கள். இந்தத் தடவை பெட்டி இருக்கும் அறைக்குக் கேமரா, போலீஸ் காவல் எல்லாம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வாங்கிவிட்டான். இனி ஒருத்தனும் உள்ளே புகுந்து ரெண்டாவது முத்திரை குத்த முடியாது. கலைமதிகூட அன்றைக்கு அவனுக்குச் சூடாகக் களி கிண்டிப் போட்டாள்.

தட்டைக் கழுவித் துடைத்து, திருநீறு பரப்பி, கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினான். முதல் வீடு ராமக்கா வீடு. அவள் வலது உள்ளங்கையில் புதுசாகச் சுட்ட கொப்புளம் இருந்தது. இட்லிக் குண்டான் சுட்டுவிட்டதா என்று கேட்டான்.

"இல்லீங்கண்ணா, காலையில சொசைட்டிக்காரரு தட்டுல அடிச்சது" என்று சொல்லிக்கொண்டே ராமக்கா அந்தக் கையாலேயே அவன் கற்பூரத்தையும் அடித்து அணைத்தாள். "நீங்க மனசு வுட்றாதீங்க, ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணிட்டு ஒருத்தருக்கு மட்டும் குத்தினா சாமி சும்மா வுடுமா, போன தபா மாதிரியே இந்தத் தபாவும் ஊரே சேந்து ரெண்டுலயும் குத்திடறோம்."