சபைக்கு வெளியே ஒரு சிங்கம்

பரவை மார்க்கெட் வாசலில் நின்று, தான் கட்டிய பிளக்ஸையே பேயாண்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். போனில் எம்.எல்.ஏ. கத்திக்கொண்டிருந்தார்.

"எவன்டா இதைக் கட்டச் சொன்னது?"

"உங்க பேச்சு மக்களுக்குத் தெரியட்டும்னுதாண்ணே..."

"சட்டசபைக்குள்ள நான் என்ன பேசினாலும் எவனும் கேஸ் போட முடியாது. அதையே வெளிய சொன்னா அவதூறுடா! நல்லகாமனோட வக்கீல் ஆபீஸ்ல இருந்து ஆள் கிளம்பிட்டானாம். அவன் வாரப்ப அதுல நல்லகாமன் பேரு இருந்துச்சுன்னா, நாளைல இருந்து நீ என் பி.ஏ. இல்ல."

பேயாண்டி போனைச் சட்டைப் பையில் போட்டான். ஆறு வருஷம் பை தூக்கி வாங்கிய வேலை.

பிளக்ஸில் எம்.எல்.ஏ. கும்பிட்டபடி சிரித்தார். அவர் முகத்துக்குக் கீழே மூன்று வரி.

'பாலத்துச் சிமெண்டைத் திருடிய
கான்ட்ராக்டர் நல்லகாமனைச் சபையில் கிழித்த
எங்கள் சிங்கமே!'

அடியில், 'இவண்: தொகுதி இளைஞர்கள்'. தன் பெயரைப் போடத்தான் பேயாண்டிக்கு ஆசை. பிளக்ஸில் இன்னொருத்தன் பெயர் இருந்தால் எம்.எல்.ஏ.வுக்குப் பிடிக்காது.

காய்கறிக் கடை சீனியம்மாளிடம் கத்தியைப் பிடுங்கினான். தக்காளிப் பெட்டி மேல் ஏறி, நடுவரியை மட்டும் நீளமாக அறுத்து எடுத்தான். இறங்கி வியர்வையைத் துடைத்தான்.

சீனியம்மாள் மிச்சத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "பாலத்துச் சிமெண்டைத் திருடிய எங்கள் சிங்கமே... ஏப்பா, அப்ப உங்காளுதான் எடுத்தாரா?"

நாலு பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பேயாண்டியின் போன் மறுபடி அடித்தது. அவன் எடுக்கவில்லை.

வெங்காயச் சாக்கு ஒன்றை இழுத்துப் பிளக்ஸை மூடினான். அதுவரை சும்மா போனவர்களும் நின்றார்கள்.

"உள்ள என்னண்ணே?"

"எம்.எல்.ஏ. சிமெண்டைத் திருடிட்டாராம்ல."

"எம்புட்டு மூட்டை?"

பேயாண்டி பெட்டி மேல் பாய்ந்து ஏறினான். "எங்கண்ணன் திருடல! கான்ட்ராக்டர் நல்லகாமன்தான் திருடுனாரு! அதைத்தான் நான் போட்டிருந்தேன்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். கையில் ஃபைல்.

"வக்கீல் குமாஸ்தா அசீம். நல்லகாமன் சார் கேஸ் விஷயமா வந்திருக்கேன். இதைக் கட்டுனது எம்.எல்.ஏ.வாண்ணே?"

பேயாண்டி பெட்டியிலிருந்து இறங்கினான். வேலையைக் காப்பாற்ற இனி ஒரே வழிதான்.

"அவருக்கு ஒண்ணுமே தெரியாது தம்பி. எழுதுனது நான், அடிச்சது நான், கட்டுனதும் நான்."

"அப்படியே எழுதித் தாரீங்களா? இப்ப மைக் இல்லாமப் பேசுனீங்களே, அதையும் சேர்த்து?"

"தாரேன். எங்கண்ணன் பேரு மட்டும் எங்கயும் வரக் கூடாது."

தக்காளிப் பெட்டி மேலேயே தாளை வைத்து எழுதினான். முழுப் பெயர், அப்பா பெயர், கதவு எண் எல்லாம் போட்டான். கையெழுத்தை இரண்டு தரம் போட்டான். ஒரு வழியாகப் பிளக்ஸுக்குத் தன் பெயர் கிடைத்துவிட்டது.

"இனி எங்கண்ணன் மேல கேஸ் வராதுல்ல தம்பி?"

அசீம் தாளை ஊதிக் காயவைத்து ஃபைலுக்குள் பத்திரமாகச் செருகினான்.

"அவர் மேல போட முடியாதுன்னு வக்கீல் நேத்தே சொல்லிட்டாருண்ணே. வெளிய சொன்ன ஆளு யாருன்னு தெரியாமத்தான் காலையில இருந்து அலையிறேன்."