விதைக்காத வயலை உழுத கதை

உ

ஐந்தாம் வாய்க்கால்,
கிளிநொச்சி.
சித்திரை மாதம்.

பாசத்துக்கும் பெருமதிப்புக்கும் உரிய மருமகன் கலாநிதி விதுசன் அவர்களுக்கு, உமது தாய்மாமன் மயில்வாகனம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாமி பத்மாசனியும் மாடு கன்றுகளும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். நீரும் சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன். ஆனால் இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. வட்ஸ்அப்பில் எழுதினால் நீர் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுவீர். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது. அதனால்தான் பேனை எடுத்தேன்.

போன புரட்டாதியில் வெளிநாட்டிலிருந்து வந்து, எங்கள் ஊர் மண்டபத்தில் ‘பல்லாண்டுத் தானியப் பயிர்கள்: ஆராய்ச்சியின் போக்கு’ என்று படம் போட்டுப் பேசினீர். ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் வெட்டலாம், உழவு வேண்டாம், விதை வேண்டாம், வேர் ஆழமாகப் போய் மண்ணைப் பிடித்து வைக்கும் என்றீர். கோதுமைக்கு ஒரு சொந்தக்காரப் புல், சோளத்துக்கு ஒன்று, நெல்லுக்குக் காட்டுநெல்லோடு கலந்த ஒன்று என்று உலகம் முழுக்க இதே வேலையாக இருக்கிறார்களாம். பிறகு ஒரு கோடு காட்டினீர். அது ஏணி வைத்ததுபோல மேலே மேலே போனது. முதலில் கைதட்டியவன் நான்தான். “இவ்வளவு விளைச்சல் எந்த ஊரிலை தம்பி?” என்று எழும்பிக் கேட்டேன். “மாமா, அது விளைச்சல் இல்லை, ஆராய்ச்சிக் கட்டுரையளின்ரை எண்ணிக்கை” என்றீர். ஏறினது நெல் இல்லையாம், நெல்லைப் பற்றின தாளாம்! அன்று மண்டபத்தில் சிரிக்கத் தொடங்கிய யோகநாதன் இன்னும் நிறுத்தவில்லை. என் வயலுக்கு அடுத்த வயல்காரன், உழவு மிசின் வைத்திருக்கிறானே, அவன்தான். அவனைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

அந்த இடத்திலேயே விட்டிருக்க வேண்டும். அக்காவின் பிள்ளை சபையில் தனியாக நிற்கிறதே என்று மனம் இளகி, வாய்க்கால் ஓரத்துத் துண்டை உமக்குத் தந்தேன். உம்முடைய கூட்டாளிகள் வந்து நட்டார்கள். மாரி மழையோடு காலபோகம் விளைந்தது. மற்றவர்களின் நெல்லைவிடக் கொஞ்சம் குறைவு, சோறும் பல்லில் கொஞ்சம் ஒட்டியது, இரண்டையும் நான் வெளியில் சொல்லவில்லை. வெட்டி முடிந்ததும் நீர் போன் எடுத்துச் சொன்னீரே ஒரு கதை: “இனி உங்களுக்கு வேலையில்லை மாமா, கதிரையிலை காலை நீட்டிக்கொண்டு இருந்து பாத்தாக் காணும்.” கதிரையிலையோ! எனக்குப் பதிலாக ஒரு புல்லைக் கண்டுபிடித்துவிட்டு, அதை நல்ல செய்தி என்று எனக்கே சொல்கிறீர். அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

சரி, கதிரையிலாவது இருந்தேனா? இங்கே அரிவுவெட்டு முடிந்தால் ஊர் மாடு முழுவதும் வயலுக்குள் இறங்கும். யாருடைய மாடு, யாருடைய வயல் என்று எவரும் கேட்பதில்லை. வெட்டின நெல்லின் அடிக்கட்டை எல்லா மாட்டுக்கும் பொது, சாணம் எல்லா வயலுக்கும் பொது. உம்முடைய நெல்லோ அந்த அடிக்கட்டையிலிருந்துதான் திரும்ப முளைக்க வேண்டும்! அத்தனை கட்டுரையில் மாடு என்ற சொல் ஒருமுறையாவது வருகிறதா? ஊர் முழுக்கக் காய்ந்து கிடக்க என் துண்டு மட்டும் பச்சையாக நின்றால் மாடு என்ன, வேறு பக்கம் பார்த்துக்கொண்டா போகும்? மாமியின் பழைய சேலைகளைச் சுற்றிவரக் கட்டினேன். அவை முடிந்ததும், எனக்குப் பழசாகத் தெரிந்தவற்றையும் கட்டினேன். அதில் ஒன்று உமது அம்மா தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்ததாம். மாமி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டா. மாட்டுக்காரர் ஏற்கனவே நிறுத்தியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு, கோடை விதைப்புக்கான சிறுபோகக் கூட்டம். குளத்தில் தண்ணீர் மட்டு, ஆகவே விதைப்பு நாள் சொல்கிறவனுக்குத்தான் தண்ணீர்ப் பங்கு எழுதுவார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் கேட்டார், “மயிலண்ணை, உங்கட விதைப்பு எப்ப?”

“நான் விதைக்கேல்லை. அது தானா வரும்.”

“விதைக்காத வயலுக்குத் தண்ணி எப்பிடி எழுதிறது?”

மண்டபத்தில் கேட்ட அதே சிரிப்பு. உமக்காக நான் எழும்பி நின்று வேர், ஆழம், மண், எல்லாம் சொன்னேன். அந்தக் கோட்டைக்கூடக் காற்றில் கையால் கீறிக் காட்டினேன். “பாவம், அண்ணைக்கு உழவு விதைப்புச் செய்ய ஏலாமப் போச்சு” என்று பின்னால் யாரோ மெல்லச் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. கடைசியில், நேரில் வந்து பார்ப்போம், பயிர் நின்றால் தண்ணீர், நிற்காவிட்டால் இல்லை என்று முடிவானது. என் மானமும் தண்ணீரும் உம்முடைய அடிக்கட்டையில் வந்து நின்றன. அதுவும் என்னைக் கைவிடவில்லை, முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வவுனியாவில் மாமியின் தங்கை வீட்டில் கலியாணம். போய்விட்டு வந்து பஸ்ஸால் இறங்கி மாமியையும் கூட்டிக்கொண்டு நேரே வயலுக்குப் போகிறேன், துண்டு முழுவதும் கறுப்பாகப் புரண்டு கிடக்கிறது. மருந்துக்கும் பச்சை இல்லை. வரம்பில் யோகநாதன் மிசினைக் கழுவுகிறான், பக்கத்தில் அயல் வயல்காரர் எல்லோரும் பெண்வீட்டார் மாதிரிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“அண்ணை, ஏலாதெண்டாச் சொல்லியிருக்கலாமே. வெக்கத்திலை, தானா முளைக்கும் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறியள். நாங்கள் என்னத்துக்கு இருக்கிறம்? புல்லு மண்டிக் கிடந்ததையெல்லாம் உழுதாச்சு. விதைநெல்லும் சேத்து வைச்சிருக்கிறம்.”

சேலைகளைக்கூட அவிழ்த்து, மடித்து, மாமியின் கையில் கொடுத்தான். சொல்லும் மருமகனே, நான் என்ன செய்வது? என்னை ஏசினவனைத் திரும்ப ஏசலாம். எனக்காக வெயிலில் காய்ந்து உழுதவனை எந்த வாயால் ஏசுவது? எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து தேத்தண்ணியும் வடையும் கொடுத்து நன்றி சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து அவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். “அண்ணைக்கு எவ்வளவு நல்ல மனசு” என்றார்கள்.

உம்முடைய அடுத்த கட்டுரையில் இதையும் சேர்த்துக்கொள்ளும். வன்னியில் பல்லாண்டு நெல் வெள்ளத்தாலோ பூச்சியாலோ அழியவில்லை, அயலட்டையின் அன்பால் அழிந்தது. அந்தக் கோடு எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்ப்போம். நான் அவர்கள் தந்த விதைநெல்லை விதைக்கிறேன், தண்ணீரும் எழுதியாயிற்று. தானாக முளைக்கிற எதையும் இனி என் காணிக்குள் கொண்டுவர வேண்டாம். அந்தப் புல்லின் பெயரையும் என் முன்னால் எடுக்க வேண்டாம். உயிர் இருக்கும்வரை நான் விதைத்துத்தான் சாப்பிடுவேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியில் போம். ‘பல்லாண்டு வாழ்க’ என்று முடிக்கத்தான் வந்தேன், அந்தச் சொல்லே இப்போது எனக்குப் பிடிக்கவில்லை. நெடுநாள் நோய்நொடி இல்லாமல் இரும்.

இப்படிக்கு,
கோபம் தீராத மாமா,
மயில்வாகனம்.

பி.கு.: தம்பி விதுசன், மாமி எழுதிறன். இதைத் தபாலிலை போடச் சொல்லித் தந்தவர், நான் படமெடுத்து வட்ஸ்அப்பிலை விடுறன். மாமா எழுதாம விட்டதை நான் எழுதிறன். அண்டைக்கு ஆக்கள் தேத்தண்ணி குடிச்சுப்போட்டுப் போன கையோட, மனிசன் சாக்கைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய், புரண்டு கிடந்த கட்டையள் எல்லாத்தையும் பொறுக்கிவந்து கிணத்தடியிலை நட்டவர். குசினியிலை சட்டி பானை கழுவிற தண்ணி முழுக்க இப்ப அதுக்குத்தான். கடிச்சுப்போடுமெண்டு எங்கட பசுவை யோகநாதன் வீட்டிலை கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார். தீபாவளிச் சேலை திரும்பவும் வேலிக்குப் போயிட்டுது, நான் ஒண்டும் சொல்லேல்லை. முந்தநாள் புதுக் குருத்து வந்தது. யோகநாதனைக் கூப்பிட்டுக் காட்டி, காத்திலை அந்தக் கோட்டையும் கீறினவர். அவன் சிரிக்கேல்லை, தனக்கும் ரெண்டு கட்டை தரச்சொல்லிக் கேட்டவன். இவர் குடுக்க மாட்டன் எண்டிட்டார். அடுத்தமுறை வரேக்கை இன்னும் கொஞ்ச நாத்துக் கொண்டுவாரும், அவர் வாய்விட்டுக் கேக்க மாட்டார். நீர் சொன்ன மாதிரிக் கிணத்தடியிலை ஒரு கதிரையும் போட்டுவிட்டனான். அதிலை நான்தான் இருக்கிறன். அவருக்கு இருக்க நேரமில்லை.