பதினோராம் ஆள் கிளப் மாறிய கதை

மனிதன் நாடு மாறலாம், வேலை மாறலாம், வயது போனால் சாப்பாட்டுப் பழக்கத்தைக்கூட மாற்றிக்கொள்ளலாம். கிரிக்கெட் கிளப் மட்டும் மாறக் கூடாது. அப்படியே மாறினாலும், பழைய கிளப்பின் கப்டன் வீட்டு பேஸ்மென்றில் குடியிருந்துகொண்டு மாறக் கூடாது. முதலாவது விதி எனக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டாவதைக் கண்டுபிடித்தவனே நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் எனக்கு இருந்த ஒரே வீடு வெக்ஸ்போர்ட்டில் குகன் அண்ணையின் வீட்டுக் கீழறை. ஒரே சமையல், அவருடைய மனைவி மலர் அக்காவின் சமையல். ஒரே வாகனம் அவருடைய வான். குகன் அண்ணை எங்கள் ஊர்க்காரர். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் சேர்ந்து விளையாடிய கிளப்புக்கு அவர்தான் கப்டன். வான் அவருடையது, மட்டைகள் போடும் பெரிய பையும் அவருடையது என்பதால் அந்தப் பதவிக்குப் போட்டி இருக்கவில்லை. (வேறு காரணம் ஏதும் இருந்ததா என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. கிடைக்கவில்லை.)

அந்தப் பை என் அறையில்தான் குடியிருந்தது. சுவரோரமாக அது படுக்கும், பக்கத்தில் நான் படுப்பேன். கால்களில் கட்டும் பாட், கையுறை, போன வருடத்து வியர்வை எல்லாம் அதற்குள் இருந்தன. அவ்வளவு நெருக்கமாக வாழ்ந்தும் அந்த மட்டைகளைக் கையில் பிடிக்கும் வாய்ப்பு எனக்கு அதிகம் கிடைத்ததில்லை. ஏனென்றால் நான் பதினோராம் ஆள். என் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும், அல்லது மழை வந்துவிடும். ஃபீல்டிங்கில் என்னை எல்லைக் கோட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே பக்கத்தில் யாராவது ஒரு குடும்பம் கோழி வாட்டிக்கொண்டிருக்கும். எனக்கும் ஒரு துண்டு கிடைக்கும்.

ஆனால் என்னிடம் ஒரு திறமை இருந்தது. சத்தம். நம்மவர்கள் 'ஹவுஸ்தாற்' என்று அவுட் கேட்கும்போது அம்பயரின் மனம் கொஞ்சம் தளம்ப வேண்டும். அந்தத் தளம்பலைக் கொடுப்பது என் பொறுப்பு.

"ரவி, நீ பந்து பிடிக்க வேண்டாம்," என்று குகன் அண்ணை முதல் கோடையிலேயே சொல்லிவிட்டார். "நான் துள்ளினவுடன நீயும் துள்ளு. ரெண்டு கையையும் தூக்கு. தொண்டை கிழியக் கத்து. மிச்சத்தை நான் பாக்கிறன்."

கோடை கோடையாக நான் துள்ளினேன். அவர் பந்தைப் போட்டுவிட்டு முழங்காலை மடக்குவதைக் கண்டாலே என் கைகள் தானாக மேலே போகும். அவர் வீட்டில் ஒருநாள் நிலத்தில் விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தபோதும் போயின.

இந்த நிலையில்தான் ரமேஷ் வந்தார். நான் பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கே கம்ப்யூட்டர் பார்க்க மிசிசாகா ஆபீஸிலிருந்து வந்தவர் அவர். மதுரைக்காரர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போனது. பிறம்ரனில் ஒரு கிளப்புக்கு அவர் கப்டனாம்.

"நீங்க என்ன ஆடுவீங்க பாஸ்?" என்று கேட்டார்.

அதுவரை என்னை யாரும் பாஸ் என்று அழைத்ததில்லை. "ஓப்பனிங்," என்று என் வாய் சொன்னது.

"அட, எங்களுக்கு ஓப்பனர்தான் இல்ல. வந்துருங்க!"

ஒரு பனிக்காலம் முழுவதும் இதைக் குகன் அண்ணையிடம் சொல்லப் பார்த்தேன். ஒருநாள் துணிந்து மேலே போனேன். மனிதர் சோபாவில் இருந்தபடி மட்டைகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இந்தக் கிளப் மாறுறது..." என்று தொடங்கினேன்.

"ஆர், நேசனைச் சொல்லுறியோ?" என்று அவர் நிமிர்ந்தார். நேசன் இரண்டு வருடங்களுக்கு முன்பு வேறு கிளப்புக்குப் போனவன். "உவன்ர கதையை எனக்குச் சொல்லாதை. புது வீடு குடிபுகுந்தவன், நான் போகேல்லை. பலகாரம் குடுத்துவிட்டவன். திருப்பி அனுப்பினனான்!"

குசினிக்குள்ளிருந்து மலர் அக்காவின் குரல் வந்தது. "பலகாரத்தைச் சாப்பிட்டிட்டு டப்பாவைத்தான் திருப்பி அனுப்பினவர், தம்பி."

"ரோசத்தோடதான் சாப்பிட்டனான்," என்றார் குகன் அண்ணை.

நான் கீழே இறங்கிவிட்டேன். கோடை வந்தது. சனிக்கிழமைகளில் பிறம்ரனில் ஓவர்ரைம் என்று சொல்லிவிட்டு ரமேஷின் கிளப்புக்கு ஆடப் போனேன். பொய்யைச் சொல்லி முடித்துவிடலாம், ஆனால் உடுப்பு பேசும். எங்கள் உடுப்பை எல்லாம் மலர் அக்காதான் மெஷினில் போடுவார்.

"வேர்ஹவுஸில என்ன தம்பி, வெள்ளைக் கால்சட்டையோ?"

"சாப்பாட்டுச் சாமான் பக்கம் போட்டிருக்கினம் அக்கா. அங்க வெள்ளைதான்."

"முழங்காலில பச்சை?"

"கீரை இறக்கினது."

"இது என்ன, தொடையெல்லாம் சிவப்பு?"

பந்தைத் தேய்த்த சாயம். நான் ஒரு கணம் யோசித்தேன். "பீற்றூட்."

 மலர் அக்கா கால்சட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு மெஷினுக்குள் போட்டார். ஆகா, என்ன சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். (இளமையில் மனிதனுக்கு இருக்கும் தன்னம்பிக்கைக்கு மருந்தே கிடையாது.)

ஓகஸ்ட் மாதத்தில் அந்தச் சனிக்கிழமை வந்தது. ஆட்டம் பிறம்ரன் பார்க்கில். ரமேஷின் கிளப்பும் எங்கள் ஊர்க் கிளப்பும். நான் மாறியது வெளியே வந்தால் நேசனுக்கு நடந்தது எனக்கும் நடக்கும். நேசனுக்காவது சொந்த வீடு இருந்தது. எனக்கு அவர் வீட்டுக் கீழறை. முதல் நாள் இரவு முழுவதும் அந்தப் பெரிய பை பக்கத்தில் படுத்துக்கொண்டு என்னையே பார்ப்பது போல் இருந்தது.

நான் ஒரு திட்டம் போட்டேன். காலையில் அவர்களுக்கு முன்பே பஸ்ஸில் போய்விடுவது. மைதானத்தில் பெரிய தொப்பி ஒன்று, முகம் முழுக்க வெயிலுக்குப் பூசும் வெள்ளைக் களிம்பு. அந்தக் காலத்துப் பந்துவீச்சாளர்கள் மூக்கில் மட்டும் பூசுவார்கள். நான் முகம் முழுவதற்கும் வாங்கி வைத்திருந்தேன்.

காலையில் வாசலைத் தாண்டுவதற்குள் குகன் அண்ணை பிடித்துவிட்டார்.

"டேய், இந்தப் பையை ஒருக்காப் பிடி."

பையை வானில் ஏற்றினோம். என் வெள்ளை உடுப்பு என் முதுகுப் பைக்குள் பதுங்கியிருந்தது.

"எங்க, பிறம்ரனுக்கே? நானும் அங்கதானே போறன். ஏறு."

"இல்லை அண்ணை, பஸ்..."

"என்ன பஸ்? நான் வான் வச்சிருக்கிறது ஆருக்கு? ஏறு!"

ஏறினேன். பாதி வழியில் அவர் பெருமூச்சு விட்டார். "நீ இல்லாமல் எங்கட பக்கம் ஒரே அமைதியடா. நான் துள்ளுறன், ஒருத்தரும் துள்ளுகினமில்லை. செத்தவீட்டில விளையாடுற மாதிரிக் கிடக்கு." நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

வேர்ஹவுஸ் வாசலில் இறக்கிவிட்டார். சனிக்கிழமை. பெரிய கேற் பூட்டிக் கிடந்தது. "பின்பக்கத்தால போறனான் அண்ணை," என்று கையசைத்தேன். அவர் போகவில்லை. வானை நிறுத்தி வைத்துக்கொண்டு நான் உள்ளே போவதை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டிடத்தின் பக்கச் சுவரோரமாகப் போய்க் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். வான் புறப்படும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆனது. பிறகு உடுப்பை அங்கேயே மாற்றி, களிம்பைப் பூசிக்கொண்டு, பிறம்ரனின் அகன்ற தெருக்கள் வழியே பார்க்கை நோக்கி ஓடினேன். நடைபாதையில் வேறு மனிதரே இல்லை. பெரிய லொறிகளின் ட்ரைவர்கள் என்னைப் பார்த்து ஹோர்ன் அடித்தார்கள்.

போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கியிருந்தது. எங்கள் பிறம்ரன் அணி மட்டை பிடித்துக்கொண்டிருந்தது. என் இடத்தில் வேறொருவர் ஓப்பனிங் இறங்கி, அவுட்டாகியும் வந்துவிட்டார்.

"எங்க போயிட்டீங்க பாஸ்?" ரமேஷ் பாட் கட்டியபடி கோபமாகக் கேட்டார். "முகத்துல என்ன, கோலமா?"

"வெயில் ஒத்துக்கொள்ளாது."

"சரி விடுங்க. கடைசியா இறங்குங்க. அதுவரைக்கும் போய் அம்பயரா நில்லுங்க, இப்ப அம்பயரா நிக்கிறவரு பாட் கட்டணும்."

நாங்கள் விளையாடிய மட்டத்தில் அம்பயர் என்று தனியாக யாரும் வருவதில்லை. மட்டை பிடிக்கும் அணியே தன் ஆட்களில் இருவரை நிறுத்த வேண்டும். ஆக, நாடு கடந்து, கிளப் கடந்து, குப்பைத் தொட்டி கடந்து நான் திரும்பவும் பதினோராம் ஆளாகி நின்றேன். ஆனால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அம்பயருக்கான நீண்ட வெள்ளைக் கோட், தொப்பி, களிம்பு. என் தாய் வந்தாலும் அடையாளம் காண மாட்டார்.

நான் போய் விக்கெட்டுக்குப் பின்னால் நின்றதும் பந்து போட வந்தவர் குகன் அண்ணை.

தன் தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "ஹோல்ட் பிளீஸ், சேர்," என்றார் மிக மரியாதையாக. நான் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். அடுத்த ஓவருக்கும் வந்தார். "தாங்க் யூ, சேர்." கையில் கட்டியிருந்த மணிக்கூட்டையும் கழற்றித் தந்தார். ஒரு மனிதன் எத்தனை மரியாதையைத் தாங்குவான்? களிம்புக்குள் வியர்வை ஓடியது.

ரமேஷ் மறுமுனையில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தார். அவர் நின்றால் பிறம்ரன் வெல்லும். குகன் அண்ணை மெதுவாக ஓடி வந்து ஒரு பந்தை மிதக்கவிட்டார். அது ரமேஷின் கால் பாட் மீது பட்டது. பந்து விக்கெட்டை நோக்கிப் போனதா என்று கேட்டால், மிசிசாகாவை நோக்கிப் போனது என்றுதான் சொல்ல வேண்டும்.

குகன் அண்ணை முழங்காலை மடக்கினார். துள்ளினார்.

அதன்பின் நடந்ததில் என் மூளைக்குப் பங்கில்லை. நானும் துள்ளினேன். இரண்டு கைகளும் வானத்துக்குப் போயின. தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஹவுஸ்தாஆஆற்!"

அப்பீலைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அம்பயரே அப்பீல் பண்ணினால் என்ன செய்வது என்று கிரிக்கெட் விதிகளில் யாரும் எழுதி வைக்கவில்லை.  இடது கை வெட்கப்பட்டுக் கீழே வந்தது. வலது கை வரவில்லை. அதன் நுனியில், அவுட் கொடுக்கும் சுட்டுவிரல் நிமிர்ந்து நின்றது.

எல்லைக் கோட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "எடேய்! உது எங்கட ரவியின்ர சத்தமெல்லோ!"

ரமேஷ் மட்டையைக் கக்கத்தில் இடுக்கியபடி பக்கத்தில் வந்தார். "பாஸ், நீங்க நம்ம டீமு."

"ஓம்," என்றேன்.

"அப்ப அந்த விரல இறக்குங்க."

எவ்வளவோ முயன்றேன். பயத்தில் கை மரத்துப் போயிருந்தது. குகன் அண்ணை நிதானமாக வந்து என் இடுப்பில் செருகியிருந்த தன் தொப்பியை உருவி எடுத்தார்.

"அம்பயர் குடுத்தால் குடுத்ததுதான்," என்று ரமேஷைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வாற கிழமையும் ஓவர்ரைம் இருக்கோ?"

பிறம்ரன் தோற்றது. பதினோராம் ஆளாக நான் இறங்கியதும், முதல் பந்திலேயே நான் போன விதமும் இங்கே தேவையில்லை. ஆட்டம் முடிந்ததும் ரமேஷின் கார் எனக்காக நிற்கவில்லை. பார்க்கில் மிஞ்சி நின்ற ஒரே வாகனம் அந்த வான்.

"ஏறு," என்றார் குகன் அண்ணை. இருக்கைகள் நிரம்பியிருந்தன. பின்னால், பெரிய பைக்குப் பக்கத்தில் குந்தினேன்.  வெக்ஸ்போர்ட் வரும்வரை எனக்கு முன்னால் இருந்தவனின் தோள் குலுங்கிக்கொண்டே வந்தது. அழுகிறானா, சிரிக்கிறானா என்று தெரியவில்லை. நான் என் உடுப்புகளை எத்தனை பெட்டியில் கட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் போனதும் நேரே கீழே இறங்கப் பார்த்தேன்.

"தம்பி, முகத்தைக் கழுவிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ," என்றார் மலர் அக்கா.

மேசையடியில் உட்கார்ந்தேன். தட்டில் சோறு. ஒரு பக்கம் கீரை. மறுபக்கம் பீற்றூட். வேறு ஒன்றுமில்லை.

"உங்கட வேர்ஹவுஸ் சாமான்தான்," என்றார் மலர் அக்கா. "வடிவாச் சாப்பிடுங்கோ."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "அக்கா, உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முதல் பீற்றூட்டிலேயே தெரியும். இவர்தான் சொல்லாதை எண்டவர். விடியக் கேற்றடியில கொண்டுபோய் விட்டதும் வேணுமெண்டுதான்."

குகன் அண்ணை சோற்றைப் பிசைந்தபடி தலையாட்டினார். "குப்பைத் தொட்டிக்குப் பின்னால உன்ர தலை தெரிஞ்சது. எவ்வளவு நேரம் இருக்கிறாய் எண்டு பாத்தனான்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "நேசன் போகேக்க எனக்குச் சொல்லிப்போட்டுப் போனவன். நீ பயந்துகொண்டு போனாய். அதுதான் உன்னைப் பேச மனம் வரேல்லை."

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது. குனிந்து பீற்றூட்டைச் சாப்பிட்டேன்.

"நீ பிறம்ரனிலயே விளையாடன்," என்றார் பிறகு. "எங்களோட விளையாடேக்க மட்டும் கட்டாயம் அம்பயரா வா."

பிறம்ரன் அதன் பிறகு என்னைச் சேர்க்கவில்லை. அடுத்த கோடையில் ஊர்க் கிளப்புக்கே திரும்பினேன். அதே எல்லைக் கோடு, அதே பதினோராம் இடம். கோழி வாட்டும் குடும்பங்கள் மட்டும் மாறியிருந்தன.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சில வருடங்களின் பின் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கலியாணம். பெற்றோர் வர முடியாததால் என் பக்கத்துப் பெரியவர்களாக நின்றவர்கள் குகன் அண்ணையும் மலர் அக்காவும்தான். ஐயர் மந்திரத்தை முடித்து, தாலிக்கொடியை எடுத்து என் பக்கம் நீட்டினார். மேளக்காரர்கள் கெட்டிமேளத்துக்காகக் காத்திருந்த அந்தச் சின்ன அமைதியில், என் பின்னால் நின்ற குகன் அண்ணை முழங்காலை இலேசாக மடக்கி, காதுக்குள் மெல்லச் சொன்னார்:

"ஹவுஸ்தாற்."

கொடியை வாங்க நீண்ட என் வலது கை நேரே மேலே போனது. சுட்டுவிரலோடு.

வீடியோவில் அது தெளிவாக இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் பிள்ளைகள் அந்த இடத்தைத்தான் போட்டுக் காட்டுவார்கள். அப்பா ஏன் விரலைத் தூக்கினவர் என்று விருந்தினர் கேட்பார்கள். என் மனைவி தேநீரை நீட்டியபடி ஒவ்வொரு முறையும் அதே பதிலைத்தான் சொல்வாள்.

"எனக்கு அவுட் குடுத்தவர். நான் இன்னும் போகேல்லை."