குடைக்காரரும் விசயம் தெரிஞ்சவங்களும்

ஹுன்னஸ்கிரியத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு நான் நடந்து இறங்கியது ஒரே காரியத்துக்காக: குடைக்காரரின் கழுத்தைப் பிடிக்க. இலங்கைத் தீவில் அவரைப்போல் எல்லாம் அறிந்த மனிதர் பிறந்ததில்லை. அவர் அறிந்ததில் ஒன்றும் உண்மையாக இருந்ததில்லை.

கண்டிக் கடைத்தெருவில், ஒரு தகரக்கொட்டில் வரிசையின் கடைசியில் உட்கார்ந்து குடை பழுது பார்ப்பார். வாயைத் திறந்தால் "விசயம் தெரிஞ்சவங்க சொல்றாங்க" என்றுதான் தொடங்குவார். அவர்கள் யார் என்று கேட்டால், கேட்டவன் விசயம் தெரியாதவன். நம்பாதவன், என்றைக்குமே தெரிந்துகொள்ளப் போகாதவன். மழை வராது என்று விசயம் தெரிந்தவர்கள் சொன்ன நாளில் தெருவே நனையும். நனைந்தவர்கள் உடைந்த குடையை அவரிடமே கொண்டுவருவார்கள்.

"தம்பி, ஹுன்னஸ்கிரிய ஸ்டோர்ல தேயிலை அரைக்க ஆள் எடுக்கிறாங்க. வெளியில மூச்சு விடாதீங்க" என்று என் காதில் ஓதினார். தேயிலைத் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். தேயிலை விலை விழுந்திருந்த காலம்.

"உள்ள இருக்கிறவனையே வெளிய தள்ளுறோம். நீ உள்ள வாறியா?" என்று காவல்காரன் சிரித்தான்.

வயிற்றில் வெறும் ஆற்றுத் தண்ணீரோடு கண்டிக்கு வந்தால், கொட்டில் வரிசையையே காணோம். நிலத்துக்காரரின் ஆட்கள் தகரங்களை உருவிக்கொண்டிருந்தார்கள். தகரக் குவியலுக்கு நடுவில், தன் கருவிப் பெட்டிமேல் குடைக்காரர் மட்டும். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் எதிர்ச்சாரியில் இடம் பிடித்து வியாபாரமே தொடங்கிவிட்டார்கள்.

"நானா, இடிக்கப் போறாங்கன்னு இவருக்கு ஒருத்தரும் சொல்லலையா?" என்று வளையல் கடைக்காரரைக் கேட்டேன்; முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"அவருக்கா? நாங்க சாமான் கட்டக்குள்ள எங்களப் பாத்துச் சிரிச்சாரே, மகன். பெரிய இடத்துல பேசி வச்சிருப்பார்ண்டு நெனச்சோம். எல்லாம் தெரிஞ்ச மனிசனுக்கு நாங்க என்னத்தச் சொல்ற?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே அறிந்ததை ஒருவரிடம் மட்டும் மறைத்துவிட்டு, அதற்கு மரியாதை என்று பெயர் வேறு! "இத்தனை பேர் வாயிலயும் வெத்தலையா இருந்துச்சு?" என்று கத்தினேன்.

"சத்தம் போடாதீங்க தம்பி" என்றார் குடைக்காரர். "எனக்கு எப்பவோ தெரியும். விசயம் தெரிஞ்சவங்க பதற மாட்டாங்க." நேராக இருந்த குடைக்கம்பியை மறுபடி நிமிர்த்தினார். "ஹுன்னஸ்கிரிய வேலை என்னாச்சு?"

"கொஞ்சம் பிந்திட்டேன். ஆள் நிறைஞ்சு போச்சு."

"நான்தான் சொன்னேனே!"

கழுத்தைப் பிடிக்க அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. பிடிக்கவில்லை.

மறுநாள் காலை, அவர் பெட்டியைச் சுமந்து ஊர் ஊராகப் போகும் வேலையில் சேர்ந்தேன். கட்டுகஸ்தோட்டையில் அவரை ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு முன்னால் ஓடினேன். ஆற்றங்கரைத் தெருவில் கல்யாண வீடு, பழைய குடைகளெல்லாம் பழுதுபார்க்க வெளியே வரும் என்று விசாரித்து வந்து அவர் காதில் சொன்னேன்.

கண்ணை மூடி யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, விசயம் தெரிஞ்சவங்க சொல்றாங்க..." என்று அதையே எனக்குச் சொன்னார்.

முதல் தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டேன்.